உடல் இருந்தது, கப்பல்தான் இல்லை: எலீட் டேஞ்சரஸில் பாகங்களைக் காப்பாற்றும் வழி

எலீட் டேஞ்சரஸ், விண்கப்பல் ஓட்டும் ஒரு கணினி விளையாட்டு. அதில், திரையில் கப்பலின் உடல் 71 சதவீதம் என்று காட்டிக்கொண்டிருந்தபோதே வல்ச்சர் என்ற என் சண்டைக் கப்பல் வெடித்தது. மட்டக்களப்பு கல்லடியில் ஒரு மாடி அறை, இரவு பதினொன்றரை மணி, மேசையில் ஆறிப்போன பிளேன்டீ. முக்கால்வாசி உடல் மிச்சமிருக்கும் கப்பல் எப்படி வெடிக்கும் என்று எனக்குப் புரியவில்லை. எதிரி என் கப்பலின் உடலைச் சுடவே இல்லை, அதற்குள் மின்சாரம் தரும் பவர் பிளான்டைத் தேடிச் சுட்டிருக்கிறான். அதைத் தெரிந்துகொள்ளவே எனக்கு இன்னும் இரண்டு கப்பல்கள் செலவாயின. மூன்றாவது முறை மீட்டெடுக்கக் காசும் இல்லாமல், சைட்வைண்டர் என்ற இலவசத் தொடக்கக் கப்பலில் ஏறி முதலிலிருந்து தொடங்கினேன்.

சென்ற மாதம் கல்முனையிலிருந்து என் மச்சான் தொலைபேசியில் அழைத்து இதே கதையை இதே அதிர்ச்சியோடு சொன்னான். அவனுக்கு இரண்டு மணி நேரம் விளக்கியதை இங்கே ஒழுங்காக எழுதுகிறேன். பறக்கவும் தரையிறங்கவும் ஓரளவு பழகிவிட்டீர்கள், இனிச் சண்டைக்குப் போகப்போகிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. விளையாட்டுக்கு வெளியே முடிக்க வேண்டியவை

முதல் பொறி கடையிலேயே இருக்கிறது. பழைய பிளேஸ்டேஷன் 4 அல்லது எக்ஸ்பொக்ஸ் மலிவாகக் கிடைக்கிறது என்று இந்த விளையாட்டுக்காக வாங்கிவிடாதீர்கள். அவற்றுக்கான மேம்பாட்டை ஃபிரொன்டியர் நிறுவனம் 2022 மார்ச்சில் நிறுத்திவிட்டது. புதியவை எல்லாம் கணினிக்கு மட்டுமே வருகின்றன.

ஸ்டீமில் வாங்கினால் விலை டொலரில் வரும். உங்கள் வங்கி அட்டையில் வெளிநாட்டு இணையக் கொள்வனவு திறந்திருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். பலருடைய அட்டையில் அது மூடியே இருக்கும். அவசரமில்லை என்றால் தள்ளுபடிக் காலம்வரை பொறுங்கள், இதன் விலை அடிக்கடி வெகுவாக இறங்கும். கணக்குத் தொடங்கும்போது மின்னஞ்சலுக்கு ஒரு சரிபார்ப்புக் குறியீடு வரும். கணினி மாற்றினால் அது மறுபடியும் கேட்கப்படும், ஆகவே கடவுச்சொல் மறந்துபோன பழைய மின்னஞ்சலைக் கொடுக்காதீர்கள். தமிழ் இடைமுகம் இல்லை. கீழே பாகங்களின் பெயர்களைத் திரையில் வாசிக்கும் ஒலியிலேயே எழுதியிருக்கிறேன்.

விளையாட்டின் கடிகாரம் உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது, நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். வாராந்தப் பராமரிப்பு வழக்கமாக வியாழக்கிழமை அங்கே காலை 7 மணி, இங்கே பகல் 12.30. அந்த நேரத்தில் சண்டையில் இருக்காதீர்கள்.

அடுத்தது மின்சாரம். சண்டையின் நடுவே இணைப்பைத் துண்டித்துத் தப்புவது இந்த விளையாட்டில் குற்றம். முறையாக வெளியேறுவதென்றால், ஆபத்தில் இருக்கும்போது பட்டியலுக்குப் போய் 15 விநாடி காத்திருக்க வேண்டும். அது அனுமதிக்கப்பட்ட வழி, ஆனால் அந்த 15 விநாடியும் அடி விழும். மின்வெட்டில் கணினி அணைந்தால் எதிரியின் திரையில் நீங்கள் கம்பியைப் பிடுங்கியவர் போலத்தான் தெரிவீர்கள். 2025 பெப்ரவரி 9 அன்று ஓர் உப மின்நிலையத்தில் குரங்கு புகுந்து இலங்கை முழுவதுமே இருண்டதே, அதை ஐரோப்பாவில் இருக்கும் விமானிக்கு எப்படி விளக்குவது? ஆகவே ஒரு யூ.பி.எஸ். வாங்குங்கள். கணினியை மட்டுமல்ல, ரவுட்டரையும் அதில் செருகுங்கள். நான் முதலில் கணினியை மட்டும் செருகினேன். திரை எரிந்தது, இணைப்பு போனது. ஐப்பசி, கார்த்திகையில் மழையும் இடியும் தொடங்கினால் நம் பக்கத்தில் இது வாரம் இரு முறை தேவைப்படும்.

பழகும்வரை பொது அரங்குக்கு வராதீர்கள். தனியாகவோ, நண்பர்களை மட்டும் சேர்த்த தனிக்குழுவிலோ ஓடலாம். அங்கே சம்பாதிக்கும் காசும் அதே கணக்கில்தான் சேரும்.

2. மூன்று கணக்குகள் இருப்பதை மனதில் பதியுங்கள்

கேடயம் ஒரு கணக்கு, உடல் ஒரு கணக்கு. மூன்றாவதாக ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனியே ஓர் ஆயுள் இருக்கிறது. முன்திரையில் பளிச்சென்று தெரிபவை முதல் இரண்டும்தான். மூன்றாவது, வலப்பக்கப் பலகையில் மொடியூல்கள் பட்டியலுக்குள் ஒளிந்திருக்கிறது. புதியவர்கள் அதைத் திறப்பதே இல்லை.

வாவியில் தோணி விடுபவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. தோணியில் ஓர் ஓட்டையும் இல்லாமல், இயந்திரம் மட்டும் நின்றுபோய், கல்லடிப் பாலத்துக்குக் கீழே நீரோட்டம் இழுத்த பக்கம் போனவர்கள் இருக்கிறார்கள்.

கேடயம் இறங்கிய பிறகு விழும் குண்டு, உடலைத் துளைத்து உள்ளே போகும் வாய்ப்பு உண்டு. எதிரி எந்தப் பாகத்தைக் குறிவைத்திருக்கிறானோ அந்தப் பக்கமே அடி குவியும். ஏவுகணைகள் வேறு வகை. அவை வெடித்து வெளிப்புறம் இருப்பவற்றை, அதாவது ஆயுதங்களையும், கப்பலை நகர்த்தித் திருப்பும் பின்புற த்ரஸ்டர்களையும், ஒரே அடியில் பலவாகச் சேதப்படுத்தும். ஏவுகணை வைத்திருப்பவன் எதிரே இருந்தால், கேடயம் விழுமுன்னரே புறப்படுங்கள்.

பாகத்தின் ஆயுள் 80 சதவீதத்துக்குக் கீழே போனதும் அவ்வப்போது கோளாறு செய்யத் தொடங்கும். சுடும்போது ஆயுதம் மௌனமாகும், திரும்பும்போது த்ரஸ்டர் திணறும். பூச்சியத்துக்குப் போனால் அந்தப் பாகம் நின்றுவிடும். பவர் பிளான்ட் பூச்சியமானால் அதற்குப் பிறகு விழும் எந்த அடியிலும் கப்பலே வெடிக்கலாம். என் 71 சதவீத உடல் அப்படித்தான் போனது.

3. தர எழுத்துகளை விலைப்பட்டியலாக வாசிக்காதீர்கள்

ஒவ்வொரு பாகத்துக்கும் ஓர் எண்ணும் ஓர் எழுத்தும் உண்டு. எண் அளவு, எழுத்து தரம். இ மலிவு, ஏ விலை அதிகம் என்று பார்த்து, காசு சேரச் சேர எல்லாவற்றையும் ஏ ஆக்குவதுதான் எல்லாரும் செய்யும் பிழை. எழுத்துகள் அப்படி ஒரே கோட்டில் ஏறுவதில்லை.

இ: கையில் காசில்லாதபோது.
டி: எல்லாவற்றிலும் எடை குறைந்தது, அடி தாங்குவதும் குறைவு.
சி: நடுவில் நிற்பது. நான் அநேகமாகத் தொடுவதில்லை.
பி: எடை அதிகம், அடி தாங்குவதில் முன்னணி.
ஏ: வேலைத்திறனில் முதலிடம், விலையிலும் முதலிடம்.

சண்டைக் கப்பலில் த்ரஸ்டரும் பவர் பிளான்டும் ஏ தரத்தில் இருக்கட்டும், அங்கே வேலைத்திறன் தேவை. சென்சருக்கும் உயிர்காப்புத் தொகுதிக்கும் டி போதும், எடை மிச்சமாகும். நெடுந்தூரம் பாய்வதற்கான எஃப்.எஸ்.டி.யைப் பற்றி ஆளுக்கொரு கருத்து உண்டு. தப்பி ஓடும் ஒரே வழி அதுதான் என்பதால் நான் அதில் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை.

வாங்குமுன் கோரியோலிஸ் என்ற இணையக் கருவியில் கப்பலைக் காகிதத்தில் கட்டுவதுபோலக் கட்டிப் பாருங்கள். எடை, மின்தேவை, பாகங்களின் ஆயுள், மீட்புத்தொகை எல்லாம் அங்கே தெரியும். இலவசம். கட்டிய அமைப்பைச் சேமித்துக்கொள்ளுங்கள், அதுதான் உங்கள் கப்பலின் பத்திரம்.

4. மீட்புத்தொகை: இதை விட்டால் மற்ற எதுவும் பயனில்லை

கப்பல் அழிந்தால், கப்பலும் பொருத்திய பாகங்களும் சேர்ந்த விலையில் 5 சதவீதம் கட்டினால் அதே அமைப்போடு திரும்பக் கிடைக்கும். கட்ட முடியாவிட்டால் சைட்வைண்டர்.

வெறும் கப்பலின் விலைகளைப் பாருங்கள். வைப்பர் மார்க் 3 விலை 142,931 கிரெடிட், மீட்புத்தொகை ஏழாயிரம் சொச்சம். வல்ச்சர் 4,925,615, மீட்புத்தொகை ஏறத்தாழ 246,000. அனகொண்டா 146,969,451, மீட்புத்தொகை 73 இலட்சத்துக்கு மேல். இவை பாகங்கள் சேராத கணக்கு. ஏ தரப் பாகங்களும் இராணுவத் தரக் கவசமும் பூட்டினால் வல்ச்சரின் மொத்த மதிப்பு வாங்கிய விலையைப்போலப் பல மடங்காகும், மீட்புத்தொகையும் அதோடு ஏறும். நான் விழுந்த குழி இதுதான். கப்பல் வாங்கிய அன்று கணக்குப் பார்த்தேன், பாகம் மாற்றிய அன்று பார்க்கவில்லை.

என் விதி: கையிருப்பு மூன்று மீட்புத்தொகைக்குக் குறைந்தால் சண்டைக்குப் போவதில்லை. ஒன்று போதாதா என்று மச்சான் கேட்டான். தோற்ற கோபத்தில் உடனே திரும்பிப் போய் மறுபடியும் தோற்பவர்கள்தான் நாம் எல்லாரும். அதனால் மூன்று.

கப்பலோடு சேர்ந்து போகும் வேறு சொத்துகளும் உண்டு. சரக்கு, இன்னும் விற்காத ஆய்வுத் தரவு, எதிரிகளை வீழ்த்திப் பெற்று இன்னும் பணமாக்காத பரிசுச் சீட்டுகள் எல்லாம் போய்விடும். அவற்றுக்கு 5 சதவீதம் கட்டி மீட்கும் வழி கிடையாது. இரண்டு வாரம் அலைந்து சேர்த்த ஆய்வுத் தரவோடு சண்டைக்குப் போகிறவரை என்ன சொல்ல. முதலில் விற்றுவிட்டு வாருங்கள்.

5. மின்சாரத்துக்கு வரிசை போடுங்கள்

பத்து நிமிட வேலை, காசு செலவில்லை. என்னைக் காப்பாற்றியவற்றில் இதற்கே முதலிடம் கொடுப்பேன்.

மொடியூல்கள் பட்டியலில் ஒவ்வொரு பாகத்தின் பக்கத்திலும் 1 முதல் 5 வரை ஓர் எண் இருக்கும். மின்சாரம் போதாமல் போனால் 5 முதலில் அணையும், 1 கடைசியாக அணையும். எல்லாமே 1 என்று விட்டிருந்தால் வரிசையே இல்லை. மின்வெட்டில் மின்பிறப்பாக்கி வைத்திருக்கும் கடைக்காரர் குளிர்சாதனப் பெட்டிக்கு ஒரு வயரும் விளக்குக்கு ஒரு வயரும் இழுத்துவிட்டு மற்றதை எல்லாம் நிறுத்துகிறாரே, அதே வேலை.

பவர் பிளான்ட் பூச்சியமானால் வெடிக்காமல் தப்பினாலும் அதன் உற்பத்தி பாதியாகும். இடையில் கோளாறு செய்யும் சில விநாடிகளில் அதற்கும் கீழே இறங்கும். வல்ச்சரில் பொருத்தக்கூடிய உச்சமான 4ஏ பவர் பிளான்ட் தருவது 15.6 மெகாவாட். பாதி என்றால் 7.8. என் 5ஏ த்ரஸ்டர் 6.12 எடுக்கிறது, எஃப்.எஸ்.டி. 0.45 எடுக்கிறது. இரண்டும் சேர்ந்து 6.57, ஆகவே அவை இரண்டும் 1. பாதி மின்சாரத்திலும் ஓட முடியும், பாய முடியும். கேடயத்துக்கு 2, ஆயுதங்களுக்கு 3, சண்டையில் தேவைப்படாதவை 5.

ஆயுதம் மூன்றாவதா என்று சிரிக்காதீர்கள். பவர் பிளான்ட் செத்த கப்பலில் ஆயுதத்துக்கு வேலையில்லை.

6. உள்ளே கவசம் பூட்டுங்கள்

உடலைப் பலப்படுத்தும் பொதிகளைப் பலரும் வாங்குகிறார்கள். பாகங்களைக் காக்கும் மொடியூல் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் பொதியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இது உள்ளே வரும் சேதத்தில் ஒரு பங்கைத் தான் வாங்கிக்கொள்ளும். இ தரம் 30 சதவீதம் தடுக்கும், அதன் ஆயுள் சற்று அதிகம். டி தரம் 60 சதவீதம் தடுக்கும், ஆயுள் சற்றுக் குறைவு. இரண்டு டி வைத்தால் 120 ஆகாது. முதலாவது விட்ட 40இல் இரண்டாவது 60 சதவீதம் தடுக்க, மொத்தம் 84 வரும். தடுக்கத் தடுக்க அவையும் தேயும். ஆகவே ஒன்று பெரியதாகவும் ஒன்று சிறியதாகவும் வையுங்கள்.

வல்ச்சரில் இவற்றுக்கென்றே இராணுவ அறை ஒன்று இருக்கிறது. அதைக் காலியாக விட்டுப் பறந்த காலமும் எனக்கு இருந்தது.

7. சூட்டைக் கவனியுங்கள்

எதிரியே இல்லாமல் உங்கள் பாகங்களை நீங்களே எரித்துவிடலாம். வெப்பம் 100 சதவீதத்தைத் தாண்டினால் பாகங்கள் சேதமாகத் தொடங்கும். நட்சத்திரத்துக்கு மிக அருகில் எரிபொருள் அள்ளும்போதும், வெப்பத்தை அடக்கி ஒளிந்து பறக்கும்போதும் இது நடக்கும். கேடயத்தை நிரப்பும் ஷீல்ட் செல் பொதியை ஏவும்போது வெப்பம் ஒரேயடியாக எகிறும். வெப்பத்தை வெளியேற்றும் ஹீட் சிங்க் ஒன்றைச் சற்று முன்னதாக எறிந்துவிட்டு, பிறகு செல்லை அழுத்துங்கள். வரிசை மாறினால் கேடயம் நிரம்பும், உள்ளே பாகங்கள் வாடும்.

8. சண்டையில் எந்த எண்ணைப் பார்ப்பது, எப்போது ஓடுவது

சுடுமுன் எதிரியின் மேல் ஆய்வு முடியும்வரை பொறுங்கள். குற்றமற்ற கப்பலைச் சுட்டால் உங்கள் தலைக்குத்தான் விலை வரும், பிறகு காவல்படையும் உங்கள் பாகங்களைத் தேடும்.

எதிரியின் கப்பலிலும் பாகத்தைக் குறிவைக்கலாம். பெரிய கப்பலானால் பவர் பிளான்ட், ஓடும் கப்பலானால் த்ரஸ்டர். ஆனால் உங்கள் ஆயுதத்தின் துளைக்கும் திறன் எதிரியின் கடினத்தோடு ஒப்பிடப்படும். நடுத்தர மல்டி கெனனின் துளைப்பு 37, வல்ச்சரின் கடினம் 55. சேதத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் சேரும். பெரிய மல்டி கெனனுக்கு 54, ஏறத்தாழ முழுதாகச் சேரும். சைட்வைண்டரின் கடினம் 20தான், அதை எதனால் அடித்தாலும் வலிக்கும். சிறிய ஆயுதத்தோடு அனகொண்டாவின் 65ஐச் சுரண்டிக்கொண்டிருப்பது நேர விரயம்.

ஓடுவதற்கு என் அளவுகோல்: கேடயம் விழுந்து, பவர் பிளான்ட் அல்லது த்ரஸ்டர் 60க்குக் கீழே வந்தால் அடுத்த நொடி புறப்பாடு. உடல் எவ்வளவு என்று பார்ப்பதில்லை. எதிரி உங்களைவிடப் பாரமானவன் என்றால் அதே மண்டலத்துக்குள் வேகப்பாய்ச்சலுக்குப் போக நேரம் இழுக்கும், அவனுடைய எடை உங்களைத் தடுக்கும். வேறு நட்சத்திர மண்டலத்துக்குப் பாய்ந்தால் அந்தத் தடை இல்லை. ஆகவே சண்டைக்குள் நுழையுமுன்னரே பக்கத்து மண்டலம் ஒன்றைத் தேர்ந்து வைத்திருங்கள். அடி விழும்போது வரைபடம் திறந்தவன் நான், பரிந்துரைக்கமாட்டேன்.

விமானி ஒருவர் உங்களை வேகப்பாய்ச்சலிலிருந்து இழுத்தால் போராடித் தோற்காதீர்கள். வேகத்தைப் பூச்சியமாக்கிச் சரணடைந்தால் எஃப்.எஸ்.டி. விரைவாக ஆறும், சீக்கிரம் பாயலாம்.

9. கண்ணாடி உடைந்தால்

விமானி அறையின் முன்கண்ணாடிக்கும் ஆயுள் உண்டு. அது உடைந்தால் காட்சித் தகவல்கள் மறைந்து, ஒட்சிசன் கடிகாரம் ஓடத் தொடங்கும். உயிர்காப்புத் தொகுதி இ தரமானால் 5 நிமிடம், டி ஏழரை, சி 10, பி 15, ஏ 25. மேலே டி போதும் என்றேன். ஸ்டேஷன் பக்கத்தில் சண்டையிடுபவருக்குத்தான் அது பொருந்தும், தூரத்தில் என்றால் ஒருபடி ஏறுங்கள். கையில் இரும்பும் நிக்கலும் சேர்த்து வைத்திருந்தால் ஒட்சிசனைத் தொகுத்து நிரப்பலாம். நான்கு நிமிடம் மிச்சமிருக்கும்போது மச்சான் பொருட்பட்டியலைத் தேடிக்கொண்டிருந்தான். அந்தப் பக்கத்தை ஒரு முறை சும்மா இருக்கும்போதே திறந்து பார்த்துவிடுங்கள்.

10. வெளியில் வைத்துப் பழுதுபார்க்க இரண்டு வழி

ரீபூட்: வலப்பக்கப் பலகையில் கப்பல் பகுதியில் இருக்கிறது. பூச்சியமான பாகங்களை, மற்றப் பாகங்களின் ஆயுளில் கொஞ்சம் பிடுங்கிக் கொடுத்து எழுப்பிவிடும். கப்பல் நிற்க வேண்டும், அதுவரை எல்லாம் அணைந்திருக்கும். சுடுபவன் பக்கத்தில் இருக்கும்போது இதை அழுத்தினால் அவனுக்கு நன்றிக் கடிதம் எழுதியதாகக் கொள்ளலாம்.

தானியங்கிப் பழுதுபார்ப்புத் தொகுதி: திரையில் ஏ.எஃப்.எம்.யூ. என்று நிற்கும். அறை ஒன்றை எடுத்துக்கொள்ளும், பாகங்களைத் தனித்தனியாகச் சரிசெய்யும். ஆனால் உடலைத் தொடாது, பவர் பிளான்டைத் தொடாது, தன்னையும் தொடாது. பழுதுபார்க்கப்படும் பாகம் அதுவரை அணைந்திருக்கும். வேகப்பாய்ச்சலில் இருந்து இறங்கி, நிறுத்தி, அதன் பிறகு தொடங்குங்கள். உடலை ஒட்டுவதற்கு ரிபேர் லிம்பெட் என்ற சிறு ட்ரோன் வேறாக இருக்கிறது, அது பாகங்களைச் சரிசெய்யாது. இரண்டையும் குழப்பிக்கொண்டு லிம்பெட்டை அனுப்பிவிட்டு, த்ரஸ்டர் ஏன் இன்னும் திணறுகிறது என்று காத்திருப்பவர்களை ஒவ்வொரு வாரமும் பார்க்கிறேன்.

11. ஸ்டேஷனுக்குத் திரும்பியதும்

முதலில் பரிசுச் சீட்டுகளைப் பணமாக்குங்கள். தேநீர் பிறகு. அடுத்தது பழுது, குண்டு, எரிபொருள். மீட்புத்தொகையோடு ஒப்பிட்டால் பழுதுச் செலவு சில்லறைதான், 90 சதவீதத்தில் நிற்கும் பாகத்தை அடுத்த முறை பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

எல்லாவற்றையும் பழுதுபார் என்ற பொத்தானை அழுத்தினால் எல்லாம் முடிந்தது என்று நினைப்பதுதான் கடைசிப் பொறி. கப்பலின் பொதுவான தேய்மானம் அதில் சேராது. அதற்கு மேம்பட்ட பராமரிப்பு என்ற தனிப்பக்கத்துக்குள் போக வேண்டும். தேய்மானத்தைக் கவனிக்காமல் விட்டுக்கொண்டே போனால், உடலின் பலம் 30 சதவீதம் வரை குறையும். திரையோ அந்தக் குறைந்த பலத்தையே 100 என்று காட்டும். நான் எட்டு மாதம் அந்தப் பக்கத்தைத் திறக்கவே இல்லை. மச்சான் ஒன்றரை ஆண்டு.